பதினைந்து வயதுக்காரி

வெந்த சூரை மீனின் தோலை உரித்துக்கொண்டே டோரிகா மறுபடியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மகளின் பள்ளிக்குப் போய்வர தொழிற்சாலை மேற்பார்வையாளர் அரை மணி நேரம் கொடுத்திருந்தார். அதுவும் பத்தரைக்கு மேல்தான்.

"கத்தியப் பாத்து ஓட்டு. வெரலையும் சேத்து டப்பால அடைச்சிராத" என்றாள் எதிரே நின்ற சலோமே.

டோரிகா சிரிக்கவில்லை. மகள் நயேசி ஆறாம் வகுப்புத் தேர்வில் தோற்றிருந்தாள். இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார்ந்தால் தேறிவிடுவாள். ஆனால் பதினைந்து வயதானவர்களுக்கு அங்கே மறுபடி இடமில்லை என்று இந்த வருடம் விதி வந்திருந்தது. நயேசிக்குப் பன்னிரண்டு. பள்ளிப் பதிவேட்டில் பதினைந்து.

தலைமையாசிரியர் பிலிமோன் நாற்காலியைக் காட்டினார். டோரிகா நின்றபடியே சொன்னாள். மூத்த பெண் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்துப் பிறந்தவளுக்கும், அவர்களுடைய மலைட்டாத் தீவில் பலர் செய்வதுபோல, அந்தப் பெயரையே வைத்தார்கள். பாதிரியாரின் படகு ஊர்ப்பக்கம் வராத வருடங்கள் அவை. இவளுக்கென்று ஞானஸ்நான அட்டை கிடையாது. பள்ளியில் வயதுக்கு ஆதாரமாக அந்த அட்டையைக் கேட்டபோது, பெயர் ஒன்றுதானே என்று மூத்தவளுடையதைக் கொடுத்துவிட்டாள். ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிலிமோன் பதிவேட்டைத் திறந்து நயேசியின் வரியில் விரலை வைத்தார்.

"மூத்தவ எறந்ததுக்குக் காகிதம் எதும் இருக்காம்மா?"

"ஊர்ல பொதைச்சோம் சார். கல்லு வச்சிருக்கு. காகிதம் யாரு குடுத்தா?"

"நீ சொல்றத நான் நம்புறேன். புள்ளையப் பாத்தாலே தெரியுது. ஆனா வயசு போட்ட பட்டியல் தலைநகரத்துக்குல்ல போகுது. அங்க அவளப் பாக்கறதுக்கு யாரு இருக்கா?"

டோரிகா தொழிற்சாலைக்குத் திரும்பி ஓடி வருவதற்குள் சங்கு ஊதி முடிந்திருந்தது. தாமதத்தைக் குறித்துக்கொண்டார்கள். சலோமே குரலைத் தாழ்த்தி, "என்னடி சொன்னாரு?" என்றாள்.

"நம்புறாராம்."

பள்ளி திறந்து இரண்டு வாரம் நயேசி வீட்டில் சும்மா இருந்தாள். மூன்றாவது திங்கட்கிழமை டோரிகா அவளைத் தொழிற்சாலைக்கு அழைத்து வந்தாள். வேலைக்குப் பதினைந்து முடிந்திருக்க வேண்டும் என்றார் வாசல் எழுத்தர். ஞானஸ்நான அட்டையை ஒருமுறை பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

உள்ளே, மீன் மேசை நயேசியின் நெஞ்சு உயரத்துக்கும் மேலே இருந்தது. மேற்பார்வையாளர் காலிப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளி வந்து கவிழ்த்துப் போட்டார். அவள் அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.