இரண்டு சைதாப்பேட்டை அக்காக்கள்

"பாயம்மா, எங்கிட்ட வாங்கின வரிய நீ கட்டவே இல்லியாமே?"

சைதாப்பேட்டை அக்கா போனில் இதைக் கேட்டபோது அஸ்மத்துன்னிசா லேஸ் கண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருக்கா சொன்னது?"

"எங்க ஆடிட்டர் தம்பிதான். மூணு மாசமா உங்க பில்லு ஒண்ணுகூட எங்கணக்குல ஏறலியாம். அந்த வரிய நான் மறுபடியும் கட்டணுமாம். வேற யாராவதா இருந்தா வந்து சண்ட போட்டிருப்பேன். உங்கிட்ட இன்னான்னு போடறது? நான் வேற கடை பாத்துக்கறேன், வுடு."

அக்கா போனை வைத்துவிட்டாள். கணவர் சர்தார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நாம வரி கட்டாம விட்டுட்டோமா?" என்று அவரைக் கேட்டாள்.

"கட்டாம விட்டுட்டு உன்கூட ஒரே வீட்ல இருக்க முடியுமா? எல்லாம் கட்டியாச்சு. இந்தா, ரசீதைப் பாரு."

அவர் சொன்னது வாஸ்தவம்தான். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், மாடியில் இருந்தது அவர்களுடைய மொத்த வியாபாரக் கடை. லேஸ், லைனிங், புடவை ஃபால்ஸ் எல்லாம் விற்றார்கள். சில்லறைக் கடைக்காரர்கள் தருகிற ஜிஎஸ்டி தங்கள் பணமல்ல என்பதில் அஸ்மத்துன்னிசா கண்டிப்பானவள். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கைபிடித்து உஸ்மான் ரோட்டைத் தாண்ட வைக்கிற வேலை அது. பத்திரமாக அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும். இப்போது ஒருத்தி, குழந்தையை எங்கே தொலைத்தாய் என்று கேட்கிறாள்.

அதுவும் யார்? செவ்வாய்க்கிழமை மதியங்களில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துணிக் கட்டின் மேல் சாய்ந்து மருமகள் கதையைச் சொல்கிறவள். கூலிங் கிளாஸ் போட்ட மருமகளைப் பற்றிச் சொல்லும்போது அவளே மருமகளாக நடந்து காட்டுவாள். அவள் வராத செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தாள் அஸ்மத்துன்னிசா. இத்தனை சரக்கு இருந்தும் கடை காலியாகத் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளர் போனால் இப்படியா வலிக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த மதியங்களைத் தவிர, வாரம் முழுக்க அவள் யாரோடும் உட்கார்ந்து சிரிப்பதில்லை.

"பில்லை எடுங்க, பாப்போம்" என்றாள்.

கடையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. ஜாபர்கான்பேட்டை அண்ணன், குழந்தை பெத்த அடையாறு தங்கச்சி என்றுதான் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருந்தார்கள். பில்லின் தலையிலும் அதுவே அச்சாகும். ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டாலும் வாடிக்கையாளர்களுக்கு அதில் ஒரு பெருமை. அவள் 'சைதா' என்று அடித்தாள். திரையில் இரண்டு சைதாப்பேட்டை அக்காக்கள் வந்து நின்றார்கள்.

"இது யாரு?"

சர்தார் தாடியைச் சொறிந்தார். "புதுசா வருதே ஒரு அம்மா, அன்புக்கரசின்னு. சைதாப்பேட்டைலதான் கடை. அதான் அப்படி..."

புதியவள் மேலே இருந்தாள். மூன்று மாதமாக அஸ்மத்துன்னிசாவின் விரல் பழக்கத்தில் மேலே இருந்தவளையே அழுத்தியிருக்கிறது. பில்லில் சைதாப்பேட்டை அக்கா என்பது சரி. கீழே இருந்த ஜிஎஸ்டி எண் மட்டும் வேறொருத்தியுடையது. அரசாங்கத்துக்கு எண்தானே தெரியும், அக்காவைத் தெரியுமா?

தங்கள் ஆடிட்டரைக் கேட்டாள். அடுத்த ரிட்டர்னில் திருத்திவிடலாம் என்றார். போனில் சொன்னால் போதும்தான். ஆனால் அவள் மாம்பலத்தில் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனான சைதாப்பேட்டையில் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அக்காவின் கடைக்கு அவள் போனதே இல்லை. எண்ணைச் சரிபார்க்க எடுத்த ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழைப் பார்த்துத்தான் அக்காவின் பெயரையே தெரிந்துகொண்டிருந்தாள்.

மார்க்கெட் சந்தில், பள்ளிச் சீருடைகள் தொங்கிய கடைக்குள் அக்கா பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

"தேவானை அக்கா."

"எம் பேரு உனக்கு யாரு சொன்னது?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வரி கட்டியதையும், விரல் தவறியதையும், அது திரும்பி வந்துவிடும் என்பதையும். தேவானையின் கை பொத்தான் டப்பாவிலேயே இருந்தது.

"அப்ப எம் வரி இன்னொருத்தி வூட்ல குந்திக்கினு கீது."

"ஆமாக்கா. அவங்ககிட்டயும் பேசிட்டேன். திருத்திக்கலாம்னுட்டாங்க."

"யாரு அவ?"

"அன்புக்கரசின்னு..."

"பஸ் ஸ்டாண்டாண்ட கடை வச்சிக்கீறாளே, அவளா?" தேவானை டப்பாவை ஓரமாக நகர்த்தினாள். "வரி போனா வருது. அவ எப்ப சைதாப்பேட்டை அக்கா ஆனா? நேத்து வந்தவ. நான் ஒருத்தி உங்க கடையில குந்திக்கினு இருக்கேன்ல?"

அஸ்மத்துன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் வச்ச பேருக்கா. இன்னிக்கே மாத்திடறேன்."

"எனக்கு?"

"உங்க சொந்தப் பேரையே போட்டுடறேன். இனிமே மாறாது."

"அதெல்லாம் வாணாம். நம்பரு என்னுதா இருந்தா போதும். பேரு அப்டியே கெடக்கட்டும்." ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டாள். "குந்து. ஆமா, உம் பேரு இன்னா?"

"அஸ்மத்துன்னிசா."

தேவானை அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

"பாயம்மாவே இருக்கட்டும்" என்றாள். பிறகு சந்துப் பக்கம் திரும்பி, இரண்டு டீ சொன்னாள்.