நிமிடத்துக்குப் பதினான்கு

நர்சுகளின் ஓய்வறையில் ஆளுக்கொரு பைத்தியம். ஒருத்தி நகத்தைக் கடித்துக் கடித்து விரலையே பாதி தின்றுவிட்டாள். இன்னொருத்தி ஓய்வு நேரமெல்லாம் போனில் செருப்பு பார்ப்பாள். ஒரு ஜோடிகூட வாங்கியதில்லை. தலைமை நர்சுக்கு மட்டும் அடுத்தவர் மூச்சை எண்ணும் வியாதி. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் நெஞ்சைப் பார்ப்பது அவர்கள் தொழில் தந்திரம். எண்ணுவது தெரிந்தால் யாருக்கும் மூச்சு ஒழுங்காக வராது. இவள் அதைப் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் செய்வாள். மூச்சக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத் தங்கைக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். பார்க்க வரட்டுமா என்று மூச்சக்கா போனில் கேட்டாள்.

"தாராளமா வாக்கா. ஆனா என் பிள்ளைய எண்ணினேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே பஸ் ஏத்திருவேன். நீ நர்சுக்குப் படிச்சப்ப என்னை வச்சுத்தானே எண்ணிப் பழகினே. எனக்குத் தூக்கமே போச்சு."

"அதெல்லாம் விட்டாச்சுடி."

"இப்பவும் போன்ல என் மூச்சத்தானே எண்ணிட்டிருக்கே."

மூச்சக்கா பதினேழில் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மாத லீவு போட்டுப் போனாள். இரண்டு நாள் ஜன்னலைப் பார்த்தபடியே குழந்தையைத் தாலாட்டினாள். மூன்றாம் நாள் காலை தங்கை குளிக்கப் போனாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தும்மல் வரும்போல இருக்கவே மூச்சக்கா மூச்சை அடக்கினாள். மடியிலும் அசைவு நின்றது. விட்டாள். குட்டி வயிறு எழுந்தது.

மறுபடி அடக்கிப் பார்த்தாள். மறுபடி நின்றது.

கை தானாகக் குழந்தையின் மணிக்கட்டுக்குப் போனது, கண் சுவர்க் கடிகாரத்துக்கு. ஒரு நிமிடத்தில் பதினான்கு. இரண்டு மாதக் குழந்தைக்கு நாற்பது இருக்க வேண்டும். பதினான்கு அவளுடைய எண்ணிக்கை.

வேகமாக மூச்சுவிடத் தொடங்கினாள். வயிறும் கூடவே ஓடியது. இருபத்தெட்டு. முப்பத்தைந்து.

ஈரத்தலையோடு வந்த தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்டி. இவன் என்கூட மூச்சு விடறான்."

காட்டினார்கள். மூச்சக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எதிரிலிருந்த கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இரைத்துக்கொண்டிருந்தாள். தங்கை வெற்றி முகத்தோடு வந்தாள்.

"நாற்பதாம். ஒரு குறையும் இல்லையாம். உன்னைத்தான் காட்டச் சொல்றாரு."

மூச்சக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. பேசினால் கணக்கு குறையும்.

தங்கை அவளை மதிய பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். தோளில் குழந்தை நிம்மதியாகத் தூங்க, கையசைத்துவிட்டுப் போனாள்.

"என்னக்கா, இப்படி இரைக்குது? கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று பக்கத்து இருக்கைப் பெண் பாட்டிலை நீட்டினாள். ஒரு மடக்குக்கு மூன்று மூச்சு போய்விடும். மூச்சக்கா வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். வீடு போய்ச்சேர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.