கண் மூடிச் சொன்ன புகார்

தேவநேசனுக்கு யாரையும் நேருக்கு நேர் திட்ட வராது. திட்ட வேண்டியதையெல்லாம் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். மகன் ஜோபின் பைக்கை வேகமாக ஓட்டியது, மனைவி ஆட்ரி தன் தங்கைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தது எல்லாம் அப்படித்தான் பரலோகம் போய்ச் சேர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் பதில் பேச முடியாது என்பது இதில் பெரிய வசதி.

அந்த மாதம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் 'ஸ்டெல்வோ மீடியா' என்று கேள்விப்படாத ஒரு பெயருக்கு நானூற்றுச் சொச்சம் போயிருந்தது. பழைய ஸ்டேட்மென்டுகளைப் புரட்டினார். அவற்றிலும் அதே பெயர். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இத்தனை நாள் கவனிக்காமல் விட்டது அவரை உறுத்தியது. அந்த உறுத்தலை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கார்டு விவரம் மருமகள் ரியாவின் போனிலும் உண்டு. வீட்டுக்குக் காய்கறி, மளிகைச் சாமான் எல்லாம் அவள்தான் அதில் வரவழைப்பாள். மீடியா என்றால் படம், சீரியல். வேறு யார் பார்ப்பார்கள்?

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று மாலை பூனா வானவடி வீட்டு ஹாலில் மூன்று பேரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ஜோபினுக்கு சிஞ்ச்வட் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டு. தேவநேசன் போனை முகத்துக்கு நேரே பிடித்து, அதைப் பார்த்து ஒரு கீர்த்தனை பாடினார். கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்து. பிறகு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுல மறைவா நடக்கிற செலவுகளை நீர் அறிவீர். அடுத்தவங்க கார்டுல சுகம் தேடுற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைத் தாரும்."

ரியா பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் இது புரிந்தது. மறுநாளும் அதே விண்ணப்பம் மேலே போனது. ரியா தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

காலையில் அவர் முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மாமா, நான் எதுவும் எடுக்கல. ஸ்டேட்மென்டைப் பாத்தேன், அந்த ஸ்டெல்வோ மீடியா நம்பர் அதுல இருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே கேளுங்க."

ஹிந்தியில் ஒரு பெண் பேசினாள். ரியா விவரம் சொன்னதும் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அது கிறிஸ்தவப் பாட்டுப் புத்தக ஆப். ஒரு வாரம் இலவசம், அப்புறம் மாதா மாதம் கட்டணம். பதிவு செய்தவர் பெயர் தேவநேசன்.

அவருக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணாடியை மறந்து போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஆரம்பிக்கப் போகிற அவசரத்தில் கோயிலில் வைத்து 'இலவசம்' என்பதைத் தட்டினார். கார்டு நம்பர் கேட்டது, கொடுத்தார். அந்தப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண்ணைத் திருடி என்றிருக்கிறார். சட்டையில்லாமல் நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

"நிறுத்திரச் சொல்லும்மா" என்றார். ரியா நிறுத்தச் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள்.

பகலெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்ரி தட்டை வைத்தாள், அப்படியே எடுத்துப் போனாள். மாலை ஜெபத்தில் பாட்டில்லை. நேராகக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எங்க அறியாமையினால உண்டான பிழைகளை மன்னியும்..."

"எங்களை எதுக்குங்க சேக்குதீங்க?" கண்ணைத் திறக்காமலே ஆட்ரி கேட்டாள். "ஆண்டவரு மன்னிப்பாரு. பிள்ளைகிட்ட யாரு கேக்கது?"

தேவநேசன் கண்ணைத் திறந்தார். ரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலம்மா. ஒரு வார்த்தை கேக்காம உன்னைத் திருடியாக்கிட்டேன். உன் முகத்தைப் பாக்க வெக்கமா இருக்கு. மன்னிச்சிரு."

ரியா கண்ணை மூடிக்கொண்டாள். தமிழ் தப்பிவிடுமோ என்று, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை.

"ஆண்டவரே, எனக்கு இன்னும் கோவம் போகல. அதை மாமாகிட்ட சொல்லுங்க. அவங்க காலைலேர்ந்து சாப்பிடலையாம். சாப்பிடச் சொல்லுங்க."

"ஆமென்" என்றார் தேவநேசன். குனிந்த தலையை அவரால் நிமிர்த்த முடியவில்லை.