கதவில்லாத அறுவை வகுப்பு

மேசையில் கிடந்த பன்றி கத்திக்கு அடியில் காலை உதைத்ததும் அறுவைப் பயிற்சிக் கூடத்தின் கதவு காணாமல் போனது. தார்வாடுக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரியில், ஆடி மழை பிடித்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை அது. கதவிருந்த இடத்தில் மற்ற சுவர்களைப் போலவே பச்சை ஓடு பதித்திருந்தது. ஓர் ஓட்டில் பழைய விரிசல்கூட இருந்தது.

உள்ளே அகப்பட்டவர்கள் அறுவைப் பேராசிரியர் பசனகௌடா, பயிற்சி மருத்துவர்கள் சிவலீலா, மகந்தேஷ், விலங்கு நலம் கற்பிக்க வந்த கால்நடை மருத்துவர் வசுதா. சட்டம் கேட்கிறது என்பதற்காக வசுதாவுக்கு வருடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பின்வரிசை தூங்கும். பாடம் முடிந்து, கத்தி எடுக்குமுன் கிளம்பிவிடுவது அவள் வழக்கம். அன்று மழை விடாததால் நின்றாள். நின்றதால்தான் பன்றியின் மூச்சு வேகமாவதைக் கண்டாள்.

"சார், மயக்கம் கலையுது. நிறுத்துங்க."

"மேடம், உங்க பாடம் முடிஞ்சுபோச்சு. இது என் பாடம். டேய் மகந்தேஷ், காலைப் பிடிடா!"

அவ்வளவுதான், கதவு போய்விட்டது. சுவரைத் தட்டினார்கள், கத்தினார்கள். வெளியே இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்த சத்தம் உள்ளே தெளிவாகக் கேட்டது. "ஒருத்தரையும் காணோமே, டீ குடிக்கப் போயிருப்பாங்க" என்று சொல்லிச் சாத்திவிட்டுப் போனார்கள்.

"சார், கதவ எந்தப் பாக்கெட்ல வெச்சீங்க?" என்றாள் சிவலீலா.

பாடம் முடிந்ததும், பன்றி விழிக்காமலே மருந்து கொடுத்து அதைக் கொன்றுவிடுவதுதான் ஏற்பாடு. அதற்கான மருந்து வெளியே அலமாரியில் இருந்தது. கையிலிருந்த மிச்ச மயக்க மருந்து தையல் போடும்வரை தூங்க வைக்கும், அதற்குமேல் வராது. வசுதா காயத்தைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டாள். பசனகௌடா தைத்தார். பிறகு பன்றி விழித்தது. விழித்து அலறியது. அந்த அலறலை விட்டு ஒதுங்க அங்கே ஒரு மூலை இல்லை. இத்தனை வருடமும் இதற்கு முன்பே அல்லவா கிளம்பிப் போனோம் என்று வசுதா சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு பன்றியைக் கீழே இறக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

எத்தனை நேரம் அடைபட்டிருந்தோம் என்று பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். பசனகௌடா தன் கோட்டைக் கழற்றிப் பன்றிமேல் போர்த்தினார். "வலிக்குதுன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டே. காதைப் பார்க்கச் சொன்னாள், நெற்றியைப் பார்க்கச் சொன்னாள். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால், திரும்பி வந்திருந்த கதவருகே, யாரோ டீத் தட்டோடு நின்றார்.

பன்றி பிழைத்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வகுப்பிலும் கதவு போகிறது, விலங்கின் வலி அடங்கியதும் வருகிறது. மாணவர்கள் ஜோள ரொட்டியும் போர்வையும் எடுத்து வருகிறார்கள். புதிதாக வந்தவர்கள் பதறினால், "அது வரும்பா, நீ மூச்சைப் பாரு" என்கிறார்கள்.