கொடியில் காய்ந்த குடும்பம்

வங்கியில் அவரை எல்லோரும் ‘வீட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. கடன் கட்ட முடியாதவர்களிடமிருந்து வங்கி எடுத்துக்கொண்ட வீடுகளின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியதால் வந்த பட்டம் அது.

இரண்டே கிளைகள் உள்ள குட்டி வங்கி. பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதன் கணக்கில் சொத்து என்று கம்பீரமாக நிற்கும். நேரில் போய்ப் பார்த்தால் கரையான்தான் குடியிருக்கும். ஏற்கெனவே ஒரு வீட்டில் திருடர்கள் குழாய், ஜன்னல் வரை கழற்றிக்கொண்டு போய், அந்த நஷ்டத்தில் வங்கியே ஆட்டம் கண்டது. தெருமூலையில் பூட்டிக் கிடந்த இன்னொரு வீடும் அப்படிப் போனால், கணக்கு முடிக்கும்போது சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த வீட்டின்மேல் கடன் கொடுக்கச் சிபாரிசு செய்ததே இவர்தான்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மூலை வீட்டுப் பின்கதவு நினைவுக்கு வரும். பாதியில் எழுந்து வண்டியை எடுப்பார். ஆள் இருக்கும் வீட்டில் திருடன் கை வைக்கமாட்டான் என்று ஒருநாள் தோன்றியது. மனைவிக்குத் தெரியாமல் பழைய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டுபோய் அந்த வீட்டுக் கொடியில் காயப்போட்டார். தன் சட்டை, மனைவியின் நைட்டி, மகளின் மஞ்சள் கவுன். தினமும் இடம் மாற்றியும் போட்டார். படித்த படிப்புக்கு நல்ல வேலை.

ஒரு மதியம் திடீரென்று மழை பிடித்தது. அடித்துப் பிடித்து ஓடினால், கொடி காலி. துணிகள் மடிக்கப்பட்டு, பின்வாசல் கூரைக்கடியில் நனையாமல் இருந்தன. மஞ்சள் கவுனில் எப்போதோ அறுந்துபோன பொத்தான் திரும்ப வந்திருந்தது. திருடனுக்கு இவ்வளவு பொறுமை ஏது? யாரோ வந்துபோகிறார்கள் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

நல்லவேளை, அந்த வாரமே ஒருவர் வாங்க வந்தார். வீட்டை இடித்துவிட்டு, வண்டி நிறுத்த இடம் கட்டப்போகிறாராம். கணக்கில் இருந்த விலையைக் குறைக்காமல் ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துணிகளை எடுத்துவிடலாம் என்று அங்கே போனார்.

கொடியருகே தையல்காரம்மா நின்றிருந்தார். அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர். ஒரு ராத்திரி கதவில் நோட்டீஸ் ஒட்டி, விடிந்ததும் அவரை வெளியேற்றிப் பூட்டியது இதே வீட்டுக்காரர்தான்.

“கோவிச்சுக்காதீங்க சார். பக்கத்துத் தெருவுலதான் வாடகைக்கு இருக்கேன். துணி நனையறதைப் பார்த்துட்டு சும்மா போக முடியல,” என்றார். இந்தப் பக்கம் வந்தாலே வயிறெரியும் என்றும், சின்னக் கவுனைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது என்றும், ஒரு குழந்தையாவது உள்ளே ஓடி விளையாடுகிறதே என்றும் சொன்னார்.

வீட்டை விற்றாகிவிட்டது, இடிக்கப்போகிறார்கள் என்று மட்டும் வீட்டுக்காரர் சொன்னார்.

தையல்காரம்மாவின் முகம் செத்துப்போனது. சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“இன்னைக்கே சொல்லிடுங்க சார். எங்களுக்கு ஒட்டின மாதிரி ராத்திரியில ஒட்டாதீங்க. குழந்தை இருக்கற வீடு. சாமான் கட்டவாவது நேரம் வேணும்.”

சொல்லிவிடுகிறேன் என்றார் வீட்டுக்காரர். தையல்காரம்மா தெரு திரும்பும்வரை அவரால் கொடியில் கை வைக்க முடியவில்லை.