இரண்டாவது வரிசைப் பெண்

எனக்கு வாய் நீளம் என்று மத்திகிரி மாட்டுப்பண்ணை முழுக்கத் தெரியும். அந்த வாயைக் கிருஷ்ணகிரி விடுதி சிஸ்டர் ஒரே பேச்சில் அடைத்துவிட்டார். அறுபத்தேழு டிசம்பர் அது. என் மகள் ஜெயசெல்வி அந்த விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு படித்தாள். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அரையாண்டுத் தேர்வில் கணக்கைக் கோட்டை விட்டிருந்தாள். பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து சிஸ்டர் சொன்னார்.

"பரீட்சை முடியற வரைக்கும் யாரும் பாக்க வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா புள்ளைங்க ரெண்டு நாளைக்குப் புஸ்தகத்தைத் தொடறதில்ல. உதவி பண்ணணும்னா வீட்டிலேயே இருங்க."

பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் கடலை உருண்டையோடு போய், மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தவள் நான்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூடப் பரீட்சைப் பிள்ளைகளை வீட்டுக்கு விடவில்லை. சோறு வடிக்கும்போது அவளுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன் பண்ணையில் மாடுகளுக்குத் தீவனம் வைக்கிறவர். கன்றைப் பிரித்துக் கட்டினால் மாடு நாலு நாள் கத்தும், அப்புறம் தானே அடங்கும் என்றார். நான் என்ன மாடா என்று கேட்டேன்.

ஜனவரி பிறந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சிஸ்டர் விடுதிக்குத்தானே வரவேண்டாம் என்றார்? கோயிலுக்கு வராதே என்று சொல்ல அவர் யார்? முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிக் கிருஷ்ணகிரி மாதா கோயிலுக்குப் போனேன். பெண்கள் பக்கம், கடைசித் தூணோரம் இடம் பிடித்தேன். பண்ணையில் ஒரு சீமைமாடு உதைத்ததிலிருந்து என் வலது கால் மடங்காது. ஆகவே ஒற்றை முழங்கால்தான் போடுவேன்.

விடுதிப் பெண்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வெள்ளை முக்காடு, ஒரே பாவாடை தாவணி. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்று பூசை செய்தார். அந்தக் கோயிலில் எனக்குத் தெரிந்த முகம் அவர் முகம் ஒன்றுதான். மற்றதெல்லாம் முதுகு.

ஆனாலும் பெற்றவளுக்கு முதுகு தெரியாதா? இரண்டாவது வரிசை ஓரத்தில் இடது தோளைச் சற்றே சாய்த்து நின்றவள் என் மகள் என்று கண்டுகொண்டேன். இளைத்திருந்தாள். கண்ணீர் வந்தது. அவள் ஒருமுறை திரும்பமாட்டாளா என்று கிடந்து தவித்தேன். எப்படித் திரும்புவாள்? பூசையில் பின்னால் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதில் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பழக்கியவளே நான்தான். நானும் இந்த வயது வரை பீடத்தை விட்டுத் திரும்பியதில்லை. பெண்கள் பீடத்தில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, என்னைக் கண்டு படிப்பு கெட்டுவிடுமே என்று தூணுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கடைசி ஆசீருக்கு முன்பே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிராமல் வெளியேறினேன்.

பிப்ரவரியில் மறுபடி போனபோது அவள் பூசை முழுக்க இருமினாள். ஊருக்கு வந்ததும் சுக்கும் திப்பிலியும் இடித்து லேகியம் கிளறி, பஸ் கண்டக்டர் வெங்கடசாமியிடம் கொடுத்தனுப்பினேன். மார்ச்சில் இருமல் இல்லை. மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மகளை அழைத்துவரப் போனேன். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்ததும், கணக்கை எப்படி எழுதினாள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. மூன்று மாதம் அடக்கி வைத்ததுதான் வாயில் வந்தது.

"உன்னை நான் பாத்துட்டுதான் இருந்தேன், தெரியுமா? ரெண்டாவது வரிசையில நின்னு இருமினியே, லேகியம் சாப்பிட்டியா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அது நானில்லம்மா. அற்புதமேரி. அம்மா இல்லாத புள்ள. லேகியத்தை அவளுக்குத்தான் குடுத்தேன்."

வாசற்படியில் ஒரு பெண் தன் பெட்டிமேல் உட்கார்ந்து, ஜவளகிரியிலிருந்து வரவேண்டிய அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அதே சாய்ந்த தோள். என் கண்ணீரையும் ஜெபத்தையும் மூன்று மாதமாக வாங்கிக்கொண்டவள் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நீ எங்கே இருந்தாய் என்று மகளைக் கேட்டேன். கோயில் வாசலுக்கு மேலே, பாட்டுக்குழு நிற்கும் மாடத்தில் என்றாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாட ஆள் குறைந்ததால் இவளை மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஜனவரியில் அங்கிருந்து குனிந்து பார்த்தபோது ஒற்றை முழங்கால் போட்டு ஒருத்தி இருந்திருக்கிறாள். அப்படி முழங்கால் போட உலகத்தில் வேறு ஆள் ஏது? அதன்பிறகு சிஸ்டரைக் கெஞ்சிக் குழுவிலேயே நின்றுவிட்டாள். பாட வராது. வாயை மட்டும் அசைப்பாளாம்.

"கூப்பிட்டிருக்கலாமே, புள்ள?"

"கூப்பிட்டா சிஸ்டருக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் நீ கோயிலுக்கும் வரமாட்டே. மூணு தடவையும் நீ திரும்புவேன்னு பாத்துட்டே இருந்தேம்மா. ஒருக்கா திரும்பியிருந்தா போதும்" என்றாள்.

எனக்கு வாயடைத்துப் போனது இரண்டாவது முறையாக.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். போகட்டும் என்றேன். பெட்டியை அற்புதமேரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒருவரும் இல்லை.

"மேல போயி நில்லு."

அவள் படியேறினாள். நான் என் தூணோரம் போய் ஒற்றை முழங்கால் போட்டேன். காலடிச் சத்தம் மாடத்தில் வந்து நின்றது. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் மகளைக் கண் நிறையப் பார்த்தேன்.