துவைத்த கம்பளி

எங்கள் சலவைக் கடையில் அழுக்கைக் கண்டால் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியை முகர்ந்து பார்த்துப் பிரிப்பது என் வேலை. எண்ணெயா, வியர்வையா, குழந்தை எடுத்த வாந்தியா என்று மூக்கே சொல்லிவிடும்.

குண்டன் செத்த பிறகு அந்த மூக்குதான் எனக்குத் துணை. குண்டன் எங்கள் நாய். இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பழைய கம்பளியில் படுத்துப் படுத்தே கிழவனான சோம்பேறி. அவனைப் புதைத்துவிட்டு வந்ததும் அந்தக் கம்பளியைச் சுருட்டி, ஒரு பையில் கட்டி, என் அலமாரியில் வைத்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. வேலை முடிந்ததும் பையைத் திறந்து முகத்தை உள்ளே விடுவேன். ஈர மண்ணும் பழைய பிஸ்கட்டும் கலந்த நாற்றம். அது இருக்கும்வரை அவன் முழுசாகப் போய்விடவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணி ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா? நான் செத்தாக்கூட இந்த வீட்ல யாரும் இப்படி அழமாட்டீங்க."

உண்மைதான் என்பதால் பையைக் கட்டி அலமாரிக்குள் வைத்தேன்.

நேற்று அலமாரியில் பையைக் காணோம். கம்பளி மட்டும் இருந்தது. துவைத்து, மடித்து, வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுபோல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தது. குண்டன் கடித்துக் கிழித்த மூலையைக்கூடத் தைத்திருந்தார்கள். உறையைப் பிய்த்து முகர்ந்தேன். சோப்பு. வெறும் சோப்பு.

கடைக்கு ஓடினேன். அண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"யாரக் கேட்டுத் துவைச்ச? அறிவிருக்கா உனக்கு? எனக்குன்னு மிச்சம் இருந்ததே அந்த வாசனை ஒண்ணுதான்!"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அந்த அலமாரியத் தாண்டிப் போறப்பல்லாம் அவன் வாடை அடிக்குது. வந்துட்டானோன்னு ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்குறேன். என்னால முடியலம்மா."

கண் சிவந்திருந்தது. என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது.

"உனக்கு முடியலன்னா என்னோடதையும் சேர்த்துக் கழுவிடுவியா?"

"மெஷின்ல போடல. கையாலதான் துவைச்சேன்." ஏதோ பெரிய மரியாதை செய்துவிட்ட மாதிரி சொன்னான். "எத்தன தண்ணி மாத்தினாலும் முடி வந்துகிட்டே இருந்துச்சு."

"அந்த முடிய என்ன செஞ்ச?"

அவன் துவைக்கும் தொட்டிக்குக் கீழே இருந்த சாக்கடை ஓட்டையைப் பார்த்தான்.